பல் டாக்டர் தோண்டிய பானை

சிவகௌரி புல்லில் கால் வைக்க மாட்டாள். ஸ்ட்ரெதம் பூங்காவில் மற்றப் பிள்ளைகள் விழுந்து புரண்டு விளையாடும்போதும், அவள் மட்டும் சிமெந்துப் பாதையிலேயே நிற்பாள். யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்கு வந்து எட்டு மாதமாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை.

"புல்லு உன்னைக் கடிச்சிடுமா?" என்று அவளுடைய தோழி நிர்மலா கேலி செய்வாள்.

நிர்மலாவின் அப்பா கிருஷ்ணமூர்த்தி கும்பகோணத்துக்காரர். வாரத்தில் ஆறு நாள் பல் டாக்டர். ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் போதும், மனிதருக்குச் சரித்திரப் பைத்தியம் பிடித்துவிடும்! நீண்ட தடியின் நுனியில் வட்டத் தட்டு வைத்த டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு வயல்வயலாக அலைவார். மண்ணுக்கடியில் உலோகம் இருந்தால் அது கீச்சென்று கத்தும். ரோமானியர் காலத்துப் பொருள் ஒன்றாவது கிடைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஐந்து வருடத்தில் கிடைத்தவை நாற்பது சோடா மூடிகளும் ஒரு வளைந்த கரண்டியும்தான். ஆனாலும் அவர் சளைக்கவில்லை.

1992 அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நிர்மலாவோடு சிவகௌரியையும் சட்டனுக்கு அப்பால் உள்ள ஒரு பண்ணைக்கு அழைத்துப் போனார். பண்ணைக்கார அம்மா பெர்னடெற்றிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கியிருந்தார். கேட்காமல் யாருடைய நிலத்தையும் அவர் தோண்ட மாட்டார்.

வயலின் வாசலில் இருந்த மரப் படலையருகே சிவகௌரி நின்றுவிட்டாள்.

"அங்கிள், முதல்ல மெஷினாலை நிலத்தைப் பாருங்கோ. பிறகு நான் வாறன்."

அவளுடைய ஊரில் இந்தக் கருவியை யாரும் சரித்திரம் தேடப் பிடித்ததில்லை. கண்ணிவெடி தேடத்தான் பிடித்தார்கள்.

கிருஷ்ணமூர்த்தி வாய்விட்டுச் சிரித்தார். "இது லண்டன்மா! இங்கே அதெல்லாம் கிடையாது." காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஈர வயலில் இறங்கினார்.

தோழிகள் இருவரும் படலையில் ஏறி உட்கார்ந்து முறுக்குக் கடித்தார்கள். பாதி முறுக்குக்கூட முடியவில்லை, இருபது அடி தூரத்தில் அவர் துள்ளிக் குதித்தார்.

"நிர்மலா! ரொம்பப் பெரிசு! பானை மாதிரி இருக்கு!"

முழங்காலில் உட்கார்ந்து சின்ன மண்வெட்டியால் பரபரவென்று தோண்டினார். மண் விலக விலக, துருப்பிடித்த உருண்டை வயிறு ஒன்று தெரிந்தது. அதன் பின்னால் வால் போலத் தகடு தகடாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது.

சிவகௌரியின் கையிலிருந்த முறுக்கு கீழே விழுந்தது.

அந்த வாலை அவளுக்குத் தெரியும்! யாழ்ப்பாணத்துப் பள்ளிச் சுவரில் அதைப் படமாக வரைந்து வைத்திருந்தார்கள். படத்தின் கீழே எழுதியிருந்தது அவளுக்கு மனப்பாடம்: தொடாதே. தட்டாதே. வந்த வழியே திரும்பிப் போ.

"அங்கிள், தொடாதேங்கோ!" என்று கத்தினாள்.

அவர் காதில் ஹெட்போன். ஒன்றும் கேட்கவில்லை.

நிர்மலா இறங்கி ஓடப் பார்த்தாள். சிவகௌரி அவளுடைய கையை இறுக்கிப் பிடித்தாள். "நீ இறங்காதை! நான் போறன்."

சொல்லிவிட்டாளே தவிர, மண்ணில் கால் வைக்க மனம் வரவில்லை. அப்போதுதான் சேற்றில் பதிந்திருந்த கிருஷ்ணமூர்த்தியின் சப்பாத்துத் தடங்களைக் கண்டாள். அவர் மிதித்த இடத்தில் மிதித்தால் பயமில்லை. ஒவ்வொரு தடமாகக் கால் வைத்துப் போனாள். அப்பாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு நடப்பது போலிருந்தது. எட்டி, ஹெட்போன் வயரைக் கருவியிலிருந்து பிடுங்கினாள்.

"என்னம்மா பண்றே?"

"இது ஷெல், அங்கிள்! குண்டு! வாங்கோ, போவம்!"

"பயந்துட்டியா? இது ரோமன் பானை. ரெண்டு தட்டு தட்டினா ஒட்டியிருக்கிற மண்ணெல்லாம் உதிர்ந்துடும்."

"பானைக்கு வால் இருக்குமோ?"

"அது கைப்பிடியா இருக்கும்." மண்வெட்டி மேலே உயர்ந்தது.

ஐயோ, இவருக்கு எப்படிப் புரியவைப்பது? சிவகௌரிக்கு அழுகை முட்டியது. சட்டென்று கேட்டாள்: "போன மாசம் எக்ஸ்ரே எடுக்காமலே என்ரை பல்லைப் புடுங்கினனீங்களோ?"

"சேச்சே! உள்ளே என்ன இருக்குன்னு தெரியாம எப்படி..."

அவர் பாதியில் நிறுத்தினார். உயர்ந்த கை அப்படியே நின்றது. குழியைக் குனிந்து பார்த்தார். அவருடைய முகம் வெளிறிவிட்டது.

"மெதுவா எழும்புங்கோ, அங்கிள். வந்த தடத்திலேயே மிதியுங்கோ. நான் முன்னால போறன்."

பத்து வயதுப் பிள்ளை முன்னால் போக, பல் டாக்டர் மூச்சுக்கூட விடாமல் பின்னால் வந்தார். படலையைத் தாண்டியதும் நிர்மலா அழுதுகொண்டே இருவரையும் கட்டிக்கொண்டாள்.

பண்ணை வீட்டுக்கு ஓடிச் சொன்னதும் பெர்னடெற் பொலிசுக்கு போன் செய்தார். பொலிஸ் வந்தது, பிறகு இராணுவம் வந்தது. எல்லோரையும் வெகுதூரம் அனுப்பிவிட்டு, மாலையில் அதை வெடிக்க வைத்தார்கள். தெருக்கோடி வீட்டுக் கண்ணாடிகள்கூடக் கடகடவென்று ஆடின. உலகப் போரில் விமானம் போட்ட குண்டாம். ஐம்பது வருடமாக வெடிக்காமல் கிடந்திருக்கிறது.

"ஒரு தட்டு தட்டியிருந்தால் போதும், வெடித்திருக்கும்," என்றார் இராணுவ அதிகாரி.

 கிருஷ்ணமூர்த்தி சிவகௌரியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நீ சொன்னப்போ சிரிச்சேன். என்னை மன்னிச்சிடும்மா."

"பரவாயில்லை, அங்கிள். லண்டன்லையும் குண்டு இருக்கும் எண்டு எனக்கும் தெரியாது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேறொரு வயல். யாரும் கேட்காமலே கிருஷ்ணமூர்த்தி டிடெக்டரால் ஒவ்வோர் அடியாகப் பார்த்து, இருபக்கமும் குச்சி நட்டு ஒரு பாதை போட்டார். சிவகௌரி மெல்லப் புல்லில் கால் வைத்தாள். புல் கடிக்கவில்லை. நிர்மலாவும் இந்த முறை கேலி செய்யாமல் அவளுக்குப் பின்னால் வந்தாள்.

கீச்! கருவி கத்தியது.

கிருஷ்ணமூர்த்தி ஹெட்போனைக் கழற்றி, ஒரு எட்டுப் பின்னால் வைத்து, கைகட்டி நின்றார். "எக்ஸ்ரே பார்க்கிறீங்களா, டாக்டர்?"

சிவகௌரி குனிந்து, கவனமாக உற்றுப் பார்த்தாள். அவள் முகத்தில் சிரிப்பு வந்தது.

"ஓம். இதைப் புடுங்கலாம்."

வெளியே வந்தது நாற்பத்தோராவது சோடா மூடி.