பதினொரு பெண்களும் ஒரு அச்சகமும்

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவளின் கண்களில், லண்டன் டூட்டிங் தெருவில் கொட்டிய மழையையும் மிஞ்சிய கோபம்...

"ஆர் இதை அச்சடிச்சது?"

கலியாணக் கார்ட்டுகளுக்கு நடுவிலிருந்து நிமிர்ந்தான் சுஜீத். பாரிஸிலிருந்து வந்து இந்த அச்சகத்தைத் திறந்து ஒரு வருடம். இப்படி யாரும் அவனை முறைத்ததில்லை. ஐயோ, என்ன கண்கள்!

"நான்தான். ஏன்?"

மேனுஷா சஞ்சிகையை விரித்தாள். வார நாட்களில் ஆங்கிலப் பதிப்பகமொன்றில் பிறர் எழுத்தைத் திருத்துபவள். இந்தச் சஞ்சிகையோ அவளுடைய ஐந்து வருடக் கனவு. பெண்களே எழுதும் தமிழ்ச் சஞ்சிகையின் முதல் இதழ், 2006. பொருளடக்கத்தில் பதினொரு பெண்கள். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் 'திருமதி' அல்லது 'செல்வி'. பின்னால் கணவன் பெயர், இல்லாவிட்டால் அப்பா பெயர்!

"நான் குடுத்தது வெறும் பெயர். இதெல்லாம் எங்கையிருந்து வந்தது?"

"கார்ட்டிலை அப்பிடித்தானே போடுறது... விட்டால் சனம் கோவிக்கும். கலியாணம் பேசுற கனகாம்பிகை அக்காவுக்கு எல்லாற்றை கலியாணமும் தெரியும். அவவிட்டைக் கேட்டுத்தான் போட்டனான்," என்றான் பெருமையாக.

"கலியாணம் மட்டும்தான் தெரியும் போலை! டொலறஸ் அக்கா புருசன் வாமதேவனை விட்டிட்டு வந்து ஆறு வருசம். இதைப் பாத்திட்டு மேடைக்கு வரமாட்டன் எண்டிட்டா. இண்டைக்கு நாலு மணிக்கு வெளியீடு!"

முதல் கதையே டொலறஸுடையது. அவர் இல்லாமல் என்ன வெளியீடு?

அவன் முகம் வாடியது. "அந்தப் பக்கத்தைத் திருப்பி அடிச்சு மேலை ஒட்டித் தாறன்."

"வேண்டாம். உங்கடை உதவியே வேண்டாம்."

"முந்நூறு புத்தகத்தையும் தனியத் திருத்த ஏலுமோ?"

ஏலாது... கோட்டைக் கழற்றி நாற்காலியில் எறிந்தாள்.

அவன் அச்சடித்தான், அவள் ஒட்டினாள்.

"எடிட்டர் அம்மா, மூக்கிலை பசை."

"வேலையைப் பாருங்கோ!"

சிரிப்பு வந்துவிட்டது... சே!

பிறகு, அவள் சொல்லாமலே அவன் தொலைபேசியை எடுத்தான். "டொலறஸ் அக்கா, பிழை விட்டது நான். உங்களைக் கேக்காமல் உங்கடை பெயரிலை கை வைச்சிட்டன். மன்னியுங்கோ."

ஒரு சாக்குப்போக்கும் இல்லை. மேனுஷாவின் கை பசைத் தூரிகையோடு அப்படியே நின்றது...

நாலு மணிக்கு டொலறஸ் மேடையேறினார். தன் கதையை வாசித்து முடித்தபோது ஈஸ்ட் ஹாம் மண்டபமே எழுந்து கைதட்டியது.

வெளியே குடையை விரித்துக்கொண்டிருந்தான் சுஜீத். மேனுஷா ஓடி வந்தாள்.

"என்ன, இப்ப சந்தோசமோ?" என்றான்.

"சந்தோசம்தான்... ஆனால் அக்கா வாசிச்சதிலை ஒரு வரியும் என்ரை காதிலை விழேல்லை."

"ஏன்?"

"நீங்கள் வருவியளோ எண்டு வாசலையே பாத்துக்கொண்டிருந்தன்."

சொல்லிவிட்டாள்! மழை கேட்டதோ என்னவோ, அவன் கேட்டுவிட்டான்.

"ஏசுவியள் எண்டு பக்கக் கதவாலை வந்து தூணுக்குப் பின்னாலை நிண்டனான்," என்றான் மெல்ல. "அங்கையிருந்து மேடை தெரியேல்லை... உங்களை மட்டும்தான் தெரிஞ்சது."