யாருடைய அமைதி இது?

"இந்தப் பட்டைக்குள்ள ஓடுற அமைதி யாரோடது சார்? எனக்கு இப்பவே தெரிஞ்சாகணும்."

பயிற்சியின் முதல் நாளே பூங்கோதையிடம் சொல்லியிருந்தார்கள்: எதை வேண்டுமானாலும் கேள், பட்டையில் ஓடும் மூலப்பதிவு யாருடையது என்று மட்டும் கேட்காதே. கேட்டால் சொல்லியாக வேண்டும் என்பது சட்டம். அதனால் யாரும் கேட்பதில்லை என்பது வழக்கம்.

பல்கலைக்கழக மனநல மையத்தின் இயக்குநர் ஜெயசீலன் தன் நெற்றியில் இருந்த அமைதிப்பட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பச்சை விளக்கு எரிந்தது. மேசையில் அவளுடைய நிரந்தரப் பணி ஆணை கையெழுத்துக்குக் கிடந்தது. வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். உளவியல் பட்டம், முதுகலை, பயிற்சி ஆலோசகர் என்று ஒவ்வொரு படியையும் முட்டி மோதித்தான் ஏறி வந்திருந்தாள்.

"நல்ல நாளும் அதுவுமா ஏம்மா இந்தப் பேச்சு? கையெழுத்துப் போடறேன், ஸ்வீட் வாங்கிட்டு வா."

"நஸ்ரினைப் பார்த்ததுக்கு அப்புறம் ஸ்வீட் இறங்காது சார்."

நஸ்ரின் ஆராய்ச்சி மாணவி. கைடு வீட்டு விசேஷத்தில் பந்தி பரிமாறியதுகூட அவளுக்குப் பெரிதில்லை. அவள் கட்டுரையில் அவர் தன் மருமகன் பெயரைச் சேர்த்துவிட்டார். காலையில் புகார் கொடுக்கக் கொதிப்போடு வந்தவளுக்கு வழக்கம்போல் பூங்கோதைதான் பட்டையைக் கட்டிவிட்டாள். அமைதியான ஒருவரின் மூளை அலையைப் பதிந்து, கலங்கியவரின் நெற்றி வழியே ஓடவிடும் கருவி அது. அழுகை நிற்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுதான் ஆலோசகரின் வேலை. நஸ்ரினின் அழுகை நின்றது. துப்பட்டா நுனியை வாயில் வைத்து மென்றபடி சுவரைப் பார்த்தாள்.

"விடுங்கக்கா. இவங்ககிட்ட கேட்டு என்ன ஆகப்போகுது?"

அந்த மெல்லல், அந்த வாக்கியம் இரண்டுமே ஒரு காலத்தில் பூங்கோதையுடையவை.

ஜெயசீலன் பெருமூச்சுவிட்டுத் திரையைத் திருப்பினார். முதலாண்டில் எல்லோருடைய மூளை அலையையும் பதிந்தபோது எடுத்த பூங்கோதையின் முகம். எண்ணெய் வழியும் தலை, வெறித்த கண்.

"ஹாஸ்டல் கிடைக்காம பஸ் ஸ்டாண்டுல படுத்துக்கிட்டு வகுப்புக்கு வந்த. ஆனா உன் அலையில ஒரு சலனம் இல்ல. இவ்வளவு கஷ்டத்துலயும் இப்படி ஒரு அமைதியான்னு எல்லாரும் அசந்துட்டாங்க. உனக்குப் பெருமைதானேம்மா?"

"அமைதியா? கேட்டாலும் கிடைக்காதுன்னு தெரிஞ்சவ சார் அவ. பாதி செத்தவளைப் புடிச்சு மருந்தாக்கி வச்சிருக்கீங்க!"

ஆளுக்கொரு பட்டையோடு நடமாடும் அந்த வளாகத்தில் ஏன் யாரும் எதற்கும் குரல் கொடுப்பதில்லை என்பது அவளுக்கு இப்போது புரிந்தது. அத்தனை பேரின் நெற்றிக்குள்ளும் அவள் பஸ் ஸ்டாண்டில் படுத்துக் கிடந்தாள்.

"என் பதிவை நான் திரும்ப எடுத்துக்கலாம்ல?"

"எடுக்கலாம். ஆனா எல்லாப் பட்டையும் அணைஞ்சிடும். அத்தனை பேரும் ஒரே நேரத்துல அழுதா யாரு பாக்கறது? நீயா? இந்த ஆணையும் போயிடும், யோசி..."

அவர் முடிப்பதற்குள் அவள் கட்டைவிரல் திரையில் பதிந்திருந்தது.

பச்சை விளக்குகள் அணைந்தன. தாழ்வாரத்தில் யாரோ விசும்பினார்கள். இன்னொருத்தி, "எம் பேப்பருய்யா அது!" என்று கத்தினாள். நஸ்ரினின் குரல். பூங்கோதை பையை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

"பூங்கோதை..." ஜெயசீலனின் குரல் உடைந்திருந்தது. பட்டையைக் கழற்றிவிட்டு, வெறும் நெற்றியோடு மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எம் பையன் என்கூடப் பேசறதே இல்லம்மா. நானும் அப்படியே விட்டுட்டேன். எப்படி விட்டேன்? கொஞ்சம் உட்காரேன்."

"கேன்டீன்லதான் இருப்பேன், அங்க வாங்க சார்" என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமல். "நஸ்ரின் முதல்ல. அப்புறம் நீங்க."