நாலாவது தட்டல்

மாது தட்டியது மூன்று முறை. அவன் மனைவி சசிகலாவின் காதில் விழுந்ததும் மூன்றுதான். ஆனால் அவள் மடியில் கிடந்த ஸ்கேனர் திரையில் பச்சைக் கோடு மூன்று முறை எழும்பி அடங்கி, கொஞ்சம் யோசித்துவிட்டுச் செய்தது போல, நாலாவதாகவும் ஒரு முறை லேசாக எழும்பியது.

"காட்டுதா?" திறந்து நின்ற கார் பானட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாதுவின் குரல் வந்தது.

"காட்டுது. நாலு வாட்டி தட்டினீங்களா?"

"மூணுதான் புள்ள. எண்றதுக்குக்கூட ஒனக்கு ஆள் வெக்கணுமா?"

அவள் சிரித்து வைத்தாள். புது ஒயர், எங்கேயாவது இளக்கமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

கல்யாணமான பன்னிரண்டு வருஷமாக இப்படித்தான் இருவரும் வேலை பார்க்கிறார்கள். எஞ்ஜின் அவனுக்கு, திரை அவளுக்கு. திரையில் ஓடும் இங்கிலீஷைக் கண்டாலே மாதுவுக்குத் தலை சுற்றும். சசிகலாவுக்குக் கிரீஸில் கை வைக்கவே ஆகாது. பானட்டைத் தூக்கி நிறுத்திவிட்டால் ஓட்டுநர் இருக்கையில் இருப்பவளுக்கு எதிரே வெறும் தகரம்தான் தெரியும், ஆள் தெரியாது. குரலை நம்பித்தான் வேலை. இன்றைக்கு நாக் சென்சார் இரண்டும் மாற்றியாயிற்று. எஞ்ஜினின் இரும்பில் முடுக்கி வைத்திருக்கும் சின்னக் காது அது; உள்ளே ஏதாவது தப்பாக இடித்தால் அதைக் கேட்டு வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். புதுக் காது கேட்கிறதா என்று பார்க்க, பக்கத்தில் ஸ்பேனரால் மூன்று தட்டு. திரையிலும் மூன்று வர வேண்டும். அவ்வளவுதான் சோதனை.

வண்டி பொம்மிடி சங்கருடையது. இருபது வயசான ஆறு சிலிண்டர் கார், பெட்டி மாதிரி நீளம். இந்தச் சென்சாரை இதுவரை மூன்று இடத்தில் மாற்றியும் எச்சரிக்கை விளக்கு அணையவில்லையாம். "கடைசியா பார்த்த மெக்கானிக் கடை நாலு நாளா தொறந்தே கெடக்குதுங்க, ஆளக் காணோம், போனும் எடுக்கல. நானே உள்ள பூந்து வண்டிய எடுத்தாந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, உட்காரக்கூடச் செய்யாமல் பஸ் ஏறிப் போய்விட்டான். அந்த அவசரமே சசிகலாவுக்குப் பிடிக்கவில்லை.

சென்சார் இரண்டும் எஞ்ஜினின் நடுப்பள்ளத்தில், காற்று போகும் பெரிய அலுமினியப் பாகத்துக்கு அடியில் ஒளிந்திருந்தன. காலையிலிருந்து கழற்றி, அந்தப் பாகத்தை இரண்டு பேருமாகத் தூக்கி மேசைமேல் வைத்தார்கள். பள்ளத்தில் ஒரு பத்தாம் நம்பர் ஸ்பேனர் கிடந்தது. அதன் கைப்பிடியில் 'முருகன்' என்று ஆணியால் கீறியிருந்தது.

"தொழில் பண்றவன் எவனாவது ஸ்பேனர விட்டுட்டுப் போவானா?" என்று மாது வாய்விட்டுச் சிரித்தான். சசிகலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. தன் பெயரைக் கீறி வைக்கிற ஆள் அதை எப்படி மறப்பான்?

வெளியே அதியமான்கோட்டை நெடுஞ்சாலைமேல் உச்சி வெயில் கொதித்தது. ஞாயிற்றுக்கிழமை. பக்கத்து டயர் கடை சாத்தியிருந்தது. வெளி வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் தகரக் கூரைக்கு அடியில் எல்லாமே கருப்பாகத் தெரிந்தது; பெட்ரோலும் கருகிய ஆயிலும் சூடேறிய ரப்பரும் கலந்த நாற்றம் மூக்கில் அப்பிக்கொண்டது; ஓசூர்ப் பக்கம் போகும் லாரி ஒவ்வொன்றும் கடக்கும்போது கூரைத் தகரம் நடுங்கி, பிறகு அடுத்த லாரி வரைக்கும் சும்மா இருந்தது.

"இப்ப வலது பக்கம்" என்றான் மாது.

அவன் கைக்கென்று ஒரு தாளம் உண்டு. வேகமாக இரண்டு, சற்று நிறுத்தி ஒன்று. டக் டக். டக். திரையில் இருந்த இரண்டு கோடுகளில் கீழ்க்கோடு, வலது பக்கத்துடையது, அதே தாளத்தில் எழுந்தது. பிறகு மேல்கோடு எழுந்தது. அது இடது பக்கத்துச் சென்சார். அங்கே யாரும் தட்டவில்லை. இரண்டு, நிறுத்தி ஒன்று. தாளம் கொஞ்சம் தடுமாறியது, புதிதாகப் பழகுகிற கை மாதிரி.

"ஏங்க, இந்த வண்டிய அப்படியே மூடி அனுப்பிடலாங்க."

"பிரிச்சுப் போட்ட வண்டிய எப்படிடி அனுப்புறது? ஒயர மறுபடி பாக்குறேன், சும்மா இரு."

அவன் பார்த்தான். கழற்றி மாட்டுகிற சத்தம் கேட்டது. அவனுடைய மூச்சும் கேட்டது, குனிந்து வேலை பார்ப்பவனுடைய கனத்த மூச்சு. அது கேட்கிற வரைக்கும் அவளுக்குத் தைரியமாக இருந்தது. இந்த மனுஷன் பக்கத்தில் இருந்தால் எதையும் சமாளித்துவிடலாம் என்பது அவளுடைய பன்னிரண்டு வருஷ நம்பிக்கை. பிள்ளை இல்லை, இரண்டு பக்கத்து உறவும் ஒதுங்கிப்போயிற்று. அவளுக்கென்று இருப்பது இவன் ஒருவன்தான்.

திரையையே பார்த்திருந்ததில் அந்த மூச்சு எப்போது நின்றது என்று அவள் கவனிக்கவில்லை. பிறகு திரையில் கோடு எழும்பியது. இரண்டு, நிறுத்தி ஒன்று. சுத்தமான தாளம்.

"காட்டுதா?"

"காட்டுது" என்றாள்.

மறுபடி அதே மூன்று.

"காட்டுதா?"

"காட்டுதுங்க. போதும், வாங்க."

மறுபடி மூன்று. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கோடுதான் எழும்புகிறது. ஸ்பேனர் சத்தம் காதில் விழவே இல்லை. லாரிச் சத்தமும் எப்போதோ நின்றுபோயிருந்தது.

உள்கண்ணாடியில் ஏதோ அசைந்தது. நிமிர்ந்து பார்த்தாள்.

வண்டிக்குப் பின்னால், சர்வீஸ் ரோட்டைக் கடந்து, கையில் டீ பார்சலை ஆட்டிக்கொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியபடி மாது வந்துகொண்டிருந்தான்.

"காட்டுதா சசி?" என்றது பானட்டுக்கு அந்தப் பக்கம் அவன் குரல்.

வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. அவன் ஷெட்டுக்குள் நுழைந்தான். கதவோரமாகக் குனிந்து, "என்னா புள்ள, பேயறைஞ்ச மாதிரி ஒக்காந்திருக்க?" என்றான். அவள் கையை மட்டும் தூக்கி முன்னால் காட்டினாள்.

"யாரு அங்க?" என்று கேட்டுக்கொண்டே அவன் முன்பக்கம் நடந்தான்.

"போகாதீங்க! ஏங்க, போகாதீங்க!"

குரல் வந்துவிட்டது. ஆனால் அவன் பானட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டான். பிறகு அவன், "அட..." என்றான். ஆச்சரியப்பட்ட குரல்தான், பயந்த குரல்கூட இல்லை.

பானட் விழுந்து மூடிக்கொண்டது.

முன்கண்ணாடி வழியாக ஷெட்டின் சுவர் தெரிந்தது. சுவரில் தொங்கிய காலண்டர் தெரிந்தது. ஆள் இல்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். தரையில் டீ பார்சல் உடைந்து ஆவி பறந்தது. அவன் செருப்பு இரண்டும் வண்டியைப் பார்த்தபடி ஜோடியாக நின்றன. வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தாள். மேசைக்குப் பின்னால். கதவுக்கு வெளியே. எங்கும் இல்லை. பானட்டை நகத்தால் நெம்பினாள். "ஐயோ, யாராவது வாங்களேன்!" என்று ரோட்டைப் பார்த்துக் கத்தினாள். அவ்வளவு பெரிய ரோட்டில் ஒரு வண்டி இல்லை.

திரும்ப ஓடிவந்து, டேஷ்போர்டுக்கு அடியில் இருந்த பானட் லீவரை இழுத்தாள். அது கையோடு வந்துவிட்டது.

இருக்கையில் ஸ்கேனர் ஒளிர்ந்துகொண்டிருந்தது. கோடு எழும்பியது. இரண்டு. ஒன்று. இரண்டு. ஒன்று. உயரமாக, அவசரமாக. கடவுளே, உயிரோடு இருக்கிறான்! அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. திரையை மார்போடு அணைத்துக்கொண்டு இருக்கையில் விழுந்தாள்.

"ஏங்க! இருங்க, ஆள் கூட்டியாறேன், இருங்க!"

"சசி" என்றது குரல். மூடிய பானட்டுக்குள்ளிருந்து. நிதானமாக. "ஸ்டார்ட் பண்ணு."

கை தானாகச் சாவிக்குப் போயிற்று. அவன் சொன்னால் செய்கிற கை. அதற்குள் கோடுகள் இரண்டும் வெறி பிடித்தது போலத் துள்ளின. தாளமில்லை. எண்ணிக்கையில்லை. இரண்டு கையாலும் இரும்பை அறைகிற அறை.

கை நின்றது.

அலுமினியப் பாகம் மேசைமேல் கிடக்கிறது. அது இல்லாமல் எந்த எஞ்ஜினும் ஓடாது. மாது உயிரே போனாலும் இப்போது ஸ்டார்ட் பண்ணச் சொல்ல மாட்டான். பேசுவது அவனில்லை. தட்டுவதுதான் அவன்.

சாவியைப் பிடுங்கினாள். பிடுங்கினால் திரை அணைய வேண்டும். அணையவில்லை.

"ஸ்டார்ட் பண்ணு சசி."

"மாட்டேன்."

"ஸ்டார்ட் பண்ணு."

"மாட்டேன்! அவர விட்டுடு! என்னை எடுத்துக்க, அவர விட்டுடு!"

கோடு எழும்பியது. இப்போது மெதுவாக. இரண்டு. நெடுநேரம் நிறுத்தி, ஒன்று. அது அவளுக்குத்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. திரைமேல் உள்ளங்கையை வைத்தாள்.

ஸ்டார்ட்டர் சுழன்றது.

சாவி அவள் இடது கைக்குள் இருந்தது. பற்கள் சதையில் பதிகிற அளவுக்கு இறுக்கிப் பிடித்திருந்தாள். ஸ்டார்ட்டர் எதையோ அரைப்பது போல ஒரு சுற்றுத் திணறியது. இன்னொரு சுற்று. பிறகு வழி கிடைத்துவிட்டது. எஞ்ஜின் பற்றிக்கொண்டது.

இருபது வயசு வண்டி. துளி நடுக்கம் இல்லை. இத்தனை சீராக ஓடுகிற எஞ்ஜினை அவள் கேட்டதே இல்லை. திரையில் இரண்டு கோடுகளும் ஒரு தட்டல்கூட இல்லாமல் ஓரத்திலிருந்து ஓரம் வரை படுத்துக் கிடந்தன.

டேஷ்போர்டின் துவாரங்களிலிருந்து காற்று வரத் தொடங்கியது. வெதுவெதுப்பான காற்று. விட்டுவிட்டு வந்தது, குனிந்து வேலை பார்ப்பவனுடைய மூச்சைப் போல. அவள் முகத்தில் பட்டது. அதில் மாதுவின் வியர்வை வாசம் இருந்தது, தலைக்குத் தேய்த்த எண்ணெய் வாசம் இருந்தது, டீ வாங்கும்போது கடையில் கடித்திருப்பான் போல, இஞ்சி முறுக்கின் வாசம்கூட இருந்தது.