போல்ட் இருந்த இடம்

காலையிலேயே சின்னப்பிள்ளை ஆரம்பித்துவிட்டாள். வாசலில் கிடந்த மூன்று சக்கர சைக்கிளைக் காட்டி, இன்றைக்கே அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டும் என்றாள். "பொம்பள கட்டுன வண்டி என் புள்ளையப் பள்ளத்துல தள்ளிருச்சு. இன்னும் என்னத்துக்குடி அதத் தடவிக்கிட்டு இருக்க?"

லீலாவதி மாமியாரைக் கடந்துபோய் வண்டியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கல்குவாரியில் ஒரு காலை இழந்த கணவன் குருநாதன், வாலிகண்டபுரத்தில் இருக்கும் தன் செல்போன் ரிப்பேர் கடைக்கு யார் தயவும் இல்லாமல் போய்வர வேண்டும் என்று, பெரம்பலூர் காயலான் கடையில் பொறுக்கிய சைக்கிள்களை வெட்டி ஒட்டி அவள் உருவாக்கிய வண்டி அது. ஒன்றரை வருடம் ஒழுங்காக ஓடியது. மூன்று வாரத்துக்கு முன் ரஞ்சன்குடி இறக்கத்தில் ஹேண்டில் ஒரு பக்கம் திரும்ப, சக்கரம் இன்னொரு பக்கம் போய்விட்டது. குருநாதனுக்கு நெற்றியில் ஏழு தையல். அண்ணி வேலையை நம்பாதே என்று அன்றைக்கே சொன்னதாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான் கொழுந்தன் கோகுலகிருஷ்ணன். அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். குருநாதனும் அவளைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தானே… அதுதான் நெஞ்சை அறுத்தது.

நேற்று ஸ்டியரிங்கைப் பிரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ஹேண்டிலையும் முன் ஃபோர்க்கையும் இணைக்கும் கம்பியின் முனையில் அவள் முறுக்கியிருந்த போல்ட் இல்லை. அந்த ஓட்டையில், கிரீசுக்குள் ஒடிந்து கிடந்தது ஓர் ஆணி. யாரிடமும் மூச்சு விடாமல் அதை முந்தானையில் முடிந்துகொண்டாள். வளைந்துபோன ஃபோர்க்கை எறிந்துவிட்டு, பழைய லேடீஸ் சைக்கிள் ஒன்றின் ஃபோர்க்கை மாட்டினாள். பேரிங் பால்ஸ் மாற்றி கிரீஸ் தடவினாள். போல்ட் ஓட்டையில் மட்டும் கட்டுக்கம்பியைச் சுற்றி, உள்ளே இருப்பது தெரியாதபடி கந்தல் துணியால் மறைத்தாள்.

இப்போது எழுந்து கொழுந்தனைக் கூப்பிட்டாள். "வண்டி ரெடி தம்பி. அந்தக் கம்பியில என்ன இருந்துச்சோ அதையே திருப்பிப் போட்ருக்கேன். எறக்கத்துல ஒரு தடவ ஓட்டிக் காட்டுங்க, அத்தைக்குப் பயம் வுட்டுரும்."

அவன் வேலை இருக்கிறது என்றான். சின்னப்பிள்ளையே அவனைப் பிடித்துத் தள்ளினாள், ஓட்டிப் பார்த்து, இது தேறாது என்று இவள் வாயை அடைக்கச் சொல்லி. சீட்டில் அரைகுறையாக உட்கார்ந்தவன், வண்டி நகர்ந்ததும் துள்ளி இறங்கினான். முகம் வெளிறிவிட்டது.

"அந்த ஆணி எறக்கத்துல தாங்காது அண்ணி…"

"எந்த ஆணி?"

லீலாவதி முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒடிந்த ஆணியை மாமியார் கையில் வைத்தாள். "நேத்துலேர்ந்து இது எங்கிட்டதான் இருக்கு அத்தை. யாருக்கும் காட்டல. உங்க சின்ன மவனுக்கு எப்படித் தெரிஞ்சுச்சுன்னு கேளுங்க."

கோகுல் உடைந்துவிட்டான். பைக் ஸ்டாண்டின் போல்ட் எங்கோ விழுந்துவிட்டதாம். சாயங்காலத்துக்குள் திருப்பிப் போட்டுவிடலாம் என்று வண்டியின் போல்ட்டைக் கழற்றி, அந்த இடத்தில் ஓர் ஆணியைச் செருகினானாம், மறந்துவிட்டானாம். அண்ணன் விழுந்த பிறகு சொல்லப் பயமாம். மூன்று வாரமும் அண்ணியைப் பழிக்க மட்டும் பயமில்லை போலிருக்கிறது.

"என் போல்ட்டக் கழட்டிக் குடுங்க தம்பி."

தெருவே பார்க்க, மண்ணில் மண்டியிட்டுக் கழற்றினான். ஸ்டாண்ட் போன பைக் சரிந்து விழுந்து கண்ணாடி நொறுங்கியது. அந்தச் சத்தம் லீலாவதிக்கு இனித்தது. அதை அவள் மறைக்கவும் இல்லை. சின்னப்பிள்ளை அழுதுகொண்டே அவள் கையைப் பிடித்தாள். "பாவி நான்… மன்னிச்சிரும்மா." கையெல்லாம் கிரீஸ் என்று சொல்லி லீலாவதி விடுவித்துக்கொண்டாள்.

அவள் குனிந்து போல்ட்டை முறுக்கும்போது ஊன்றுகோல் சத்தம் பக்கத்தில் வந்து நின்றது.

"என்ன உக்கார வையி லீலா. கடைக்குப் போவணும்."

அவள் நிமிரவில்லை. போல்ட் எப்போதோ இறுகிவிட்டது. ஆனாலும் ஸ்பேனரை விடாமல் குனிந்தே இருந்தாள்.

"லீலா… உன்னப் போயி சந்தேகப்பட்டுட்டேன்." குருநாதன் வண்டியின் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டான். "என்ன உக்கார வையி."

அதற்குப் பிறகுதான் அவள் ஸ்பேனரைக் கீழே வைத்தாள்.