வயிறு எரியாதவள்

புடவையின் முந்தானை நான்காவது முறையாக நிறம் மாறியது. மயில் கழுத்து நீலத்திலிருந்து மாம்பழ மஞ்சளுக்கு. மண்டபத்தில் பாதிப் பேர் சாப்பாட்டை மறந்து திரும்பிப் பார்த்தார்கள். பார்க்க வேண்டியவள் மட்டும் குனிந்த தலை நிமிராமல் பாயசத்தில் முந்திரி தேடிக்கொண்டிருந்தாள்.

மகிழினி விடவில்லை. பந்தி வரிசையை மூன்றாவது தடவையாகக் கடந்து, யாரையோ தேடுவதுபோல் சரியாகத் தாரிகாவின் இலைக்கு எதிரே நின்றாள்.

தாரிகா அவளுடைய ஓரகத்தி. கணவன் கவினின் அண்ணன் மனைவி. ஒரே வருடத்தில் இருவரும் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவர்கள்.

"அட, மகி! வா கண்ணு, உட்காரு. பொடவை ரொம்ப நல்லாருக்குது. உன் கலருக்கு அந்த மஞ்சள் எடுப்பா இருக்குது" என்றாள் தாரிகா.

அவ்வளவுதான். எங்கே வாங்கினாய் என்று கேட்கவில்லை. உதட்டோரம் கோணவில்லை. கண் ஒரு கணம்கூடச் சுருங்கவில்லை.

"பதினோரு லட்சம்கா" என்றாள் மகிழினி, கேட்காமலேயே.

"அப்படியா? பாத்து உட்காரு, ரசம் கொட்டிறப் போகுது."

மகிழினி முந்தானையை இன்னொரு முறை முன்னால் இழுத்து விட்டுக்கொண்டாள். பதினான்கு வருடங்களாக நடக்கும் போட்டி இது. தாரிகா நாற்பதாவது மாடியில் வீடு வாங்கினால் மகிழினி நாற்பத்தெட்டாவது மாடியில் வாங்குவாள். மகிழினி பறக்கும் வண்டிக்கு முன்பணம் கட்டினால் மறு வாரமே தாரிகாவின் மொட்டைமாடியில் அதைவிடப் பெரியது வந்து இறங்கும். ஒவ்வொரு முறையும் மற்றவளின் முகத்தில் ஒரு கறுப்பு ஓடி மறையும். அந்தக் கறுப்பைக் காண்பதற்காகத்தான் பதினேழு இடத்தில் கடன் வாங்கியிருந்தாள் மகிழினி. இரண்டு வருடமாகவே தாரிகாவின் முகத்தில் அது வரவில்லை. அழுத்தக்காரி, நடிக்கிறாள் என்றுதான் நினைத்திருந்தாள்.

அன்று வெக்கைக்காகத் தாரிகா கூந்தலைத் தூக்கிக் கொண்டை போட்டிருந்தாள். இடது காதுக்குப் பின்னால், தோலுக்கடியில், எள்ளளவு ஒரு பச்சைப் புள்ளி மினுங்கியது.

"அக்கா... இதென்ன?"

தாரிகா ஒளிக்கவில்லை. "மோர்தான் கண்ணு. கடன் கழுத்துக்கு வந்துருச்சு. கவினோட அண்ணனுக்கும் எனக்கும் நித்தம் சண்டை. கடன் தீர்வு மன்றத்துல போய் உட்கார்ந்துட்டேன். எனக்குக் கடன் சுமை எண் எழுபத்து நாலு. உடனே ஒப்பந்தம் போட்டு இதையும் வெச்சு விட்டுட்டாங்க. மூணு வருஷம். இன்னும் ஏழு மாசத்துல முடிஞ்சிரும்."

"வெட்கமா இல்லீங்களா?"

"அதான் தெரியலை பாரு" என்று சிரித்தாள் தாரிகா. "இன்னொரு கரண்டி பாயசம் வெக்கச் சொல்லேன்."

அரசு ஆவணங்களில் அதன் பெயர் ஒப்பீட்டுத் தணிப்பி. மூளையின் நடுவே ஒரு சிறு முடிச்சு இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரிடம் இருப்பதையும் தன்னிடம் இருப்பதையும் கண் இமைக்கும் போதெல்லாம் ஒப்பிட்டுக் கணக்குப் பார்ப்பதே அதன் வேலை. கடனில் மூழ்கியவர்களுக்கு இந்த முடிச்சு மற்றவர்களைவிட நான்கு மடங்கு துடிக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். துடிப்பை அடக்கினால் கடன் வாங்கும் ஆசையும் அடங்கியது. மனிதர்களோ வழக்கம்போல் உண்டு உறங்கி வேலைக்குப் போனார்கள். அன்றிலிருந்து, கைமீறிய கடனோடு வருகிறவர்களுக்குக் கடன் தீர்வு மன்றம் இரண்டு காரியம் செய்தது. கடன் கொடுத்தவர்களை உட்காரவைத்துப் பேசி வட்டியை நிறுத்தி, மாதத் தவணை வகுத்தது. காதுக்குப் பின்னால் தணிப்பியைப் பதித்தது. வயிற்றெரிச்சலைக் குளிர்விப்பதால் ஜனங்கள் அதற்கு மோர் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ஒரே ஒரு நிபந்தனை. கடைசித் தவணை கட்டிய அன்றே கருவியைக் கழற்றிவிட வேண்டும். கடன் கொடுப்போர் சங்கம் கேட்டு வாங்கிய விதி அது. வட்டியை விட்டுக் கொடுத்தவர்களுக்கு வாடிக்கையாளராவது திரும்பிவர வேண்டாமா?

அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் மகிழினிக்குத் தாரிகாவே கண்ணில் நின்றாள். தாரிகா மூன்று கல்யாணத்துக்குக் கட்டிய அதே நூல் புடவையில் வந்திருந்தாள். அதைப் பற்றிய நினைப்பே அவளுக்கு இல்லை. அவள் புருஷன் அவள் இலையிலிருந்து அப்பளத்தைத் திருடித் தின்றான், அவள் அவன் கையில் அடித்துச் சிரித்தாள். கன்னம் உப்பி, தோல் மினுமினுத்து, பத்து வயது குறைந்தவள்போல் இருந்தாள். மகிழினியின் பதினோரு லட்சம் முந்தானை மாற்றி மாற்றி மின்னிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்துக் கிழிக்க வேண்டும்போல் இருந்தது அவளுக்கு.

வீடு, வண்டி, நகை எதுவானாலும் இவள் எட்டிப் பிடித்திருக்கிறாள். இப்போது அந்தத் தாரிகா, எரியாத வயிறு ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு பாயசம் குடிக்கிறாள்!

மறுநாளே மகிழினி மன்றத்தில் இருந்தாள்.

அலுவலர் ஜோயல் பொறுமைசாலி. அவளுடைய பதினேழு கடன்களையும் திரையில் வரிசைப்படுத்தி, தட்டிப் பார்த்து, முகம் மலர்ந்தார்.

"நல்ல நேரத்துல வந்துட்டீங்கம்மா. உங்க சுமை எண் அம்பத்தொண்ணுதான். சாதாரண ஒப்பந்தமே போதும். இன்னைக்கே வட்டியை நிறுத்திடுவோம். மாசம் இருபத்தெட்டாயிரம், ஆறு வருஷம். வீடு உங்ககிட்டயே இருக்கும். போன் பண்ணிக் கத்தறாங்களே, அது நாளைக்குக் காலைல நின்னுடும்."

"மோர்?"

"அது உங்களுக்கு வேண்டாம். அறுபதைத் தொட்டவங்களுக்குத்தான். அவங்கள்ல நிறையப் பேருக்கு வீடு வாசலை வித்துத்தான் கடனையே அடைக்க முடியும். நீங்க அந்த அளவுக்குப் போகலை, சந்தோசப்படுங்க."

"எங்க ஓரகத்திக்கு எழுபத்து நாலு" என்றாள் மகிழினி.

"இருக்கட்டுங்க. உங்களுக்கு அம்பத்தொண்ணு. இது நல்ல செய்தி."

மகிழினிக்கு அது நல்ல செய்தியாகப் படவில்லை. கடனில்கூடத் தாரிகா முந்திக்கொண்டாளே என்றுதான் பட்டது. ஜோயல் நீட்டிய ஒப்பந்தத்தை அவள் தொடவில்லை. "யோசிச்சுட்டு வர்றேனுங்க" என்று எழுந்தாள்.

வீட்டில் கவின் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். தறி இயந்திரங்களுக்குப் பழுது பார்க்கிறவன். எட்டு வருடமாக அவன் சம்பளம் வந்த அன்றே காணாமல் போய்க்கொண்டிருந்தது.

"வட்டியை நிறுத்தறேங்கறாங்க. வீட்டை விட்டுத் தர்றேங்கறாங்க. ஒரு கையெழுத்துப் போடறதுக்கு உனக்கென்ன கேடு?"

"உங்க அண்ணி மட்டும் நிம்மதியா இருக்கோணும். நான் ஆறு வருஷம் வெந்துட்டே தவணை கட்டோணுமா?"

"அண்ணிக்குக் காய்ச்சல் வந்தா உனக்கும் வேணுமா மகி?"

"ஆமாங்க, வேணும்!" என்று கத்தினாள் அவள். "அந்தக் காய்ச்சல்ல அவங்க எப்படி இருக்காங்கன்னு நீங்க பாத்தீங்கல்ல? அவங்க சிரிச்சப்ப நீங்களும் வாயப் பொளந்து பாத்துட்டு நின்னீங்கல்ல?"

கவின் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். தான் சொன்னது உண்மை என்பதால் அவளுக்கு இன்னும் எரிந்தது.

அடுத்த ஐந்து மாதங்களில் மகிழினி ஐம்பத்தொன்றை அறுபதாக்கும் வேலையில் இறங்கினாள். அவ்வளவு சுலபமாக இல்லை. கடன் நிறுவனங்கள் வெறும் கையில் பணம் தருவதில்லை, ஏதாவது வாங்கினால்தான் தவணை. எனவே வாங்கினாள். நிலவுக்கல் பதித்த மூக்குத்தி வாங்கினாள். பனிமூட்டம் வரும் குளியலறை போட்டாள். குரலுக்கேற்ப வாசனை மாறும் திரைச்சீலைகள் வாங்கினாள். வேண்டுமென்றேதான் செய்கிறோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாலும், ஒவ்வொன்றையும் வாங்கும்போது, இது தாரிகாவிடம் இல்லை என்பதை ஒருமுறை உறுதிசெய்துகொண்டுதான் கையெழுத்திட்டாள்.

அறுபதில் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. தாரிகாவுக்கு எழுபத்து நாலு.

கடைசியில் யாருமே தரவில்லை. ஒண்டிப்புதூரில் பவளம் நிதியகம் நடத்தும் ஒருவர் மட்டும் வீட்டுப் பத்திரத்தை வாங்கிப் பூட்டிக்கொண்டு சிரித்த முகத்தோடு கொடுத்தார். கவினுக்குச் சொல்லாமல் நடந்த காரியம் அது. தெரிந்தபோது அவன் திட்டவில்லை. மூன்று நாள் சாப்பிடாமல் வேலைக்குப் போய் வந்தான். அவன் கத்தியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஆறாவது மாதம் மறுபடி ஜோயலின் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

அவர் திரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "என்னம்மா பண்ணி வெச்சிருக்கீங்க? வீடு போயிடும்மா."

"எண் எவ்வளவுங்க?"

"எழுபத்தொம்பது."

மகிழினி நிமிர்ந்து உட்கார்ந்தாள். பதினான்கு வருடங்களில் இவ்வளவு பெரிய வித்தியாசத்தில் அவள் ஜெயித்ததில்லை.

தலையில் ஒரு வளையத்தை மாட்டி முடிச்சின் துடிப்பை அளந்தார்கள். ஜோயல் உதவியாளரைக் கூப்பிட்டுக் காட்டினார். கருவி பழுதோ என்று இரண்டாம் முறை அளந்தார்கள். "பன்னெண்டு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு துடிப்பை நான் பாத்ததில்லீங்க" என்றார்.

"எங்க ஓரகத்திக்கு எவ்வளவு இருந்ததுங்க?"

"அதெல்லாம் சொல்லக்கூடாதும்மா. சித்தெ நேரம் தலையை ஆட்டாம இருங்க."

ஒரு சின்ன ஊசி. எறும்பு கடித்ததுபோல் ஒரு வலி. பச்சைப் புள்ளி எரிந்தது.

நாள் முழுவதும் ஓடிய தறிச்சத்தம் மின்சாரம் போய்ச் சட்டென்று நின்றால் காதுக்கு எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. மகிழினி வாசலுக்கு வந்தாள். சாலையில் ஒருத்தி அழகான செருப்போடு போனாள். மகிழினி அவளைப் பார்த்தாள். அழகான செருப்பு. அவ்வளவுதான்.

வீடு விற்பனைக்குப் போனது. சூலூரில் ஒரே அறையும் சமையல்கட்டும் உள்ள வாடகை வீட்டுக்குக் குடிபோனார்கள். கவின் முதல் வாரம் அவளோடு பேசவில்லை. இரண்டாம் வாரம், அவள் பழைய சோற்றுக்கு வெங்காயம் நறுக்கியபடி ஏதோ முணுமுணுத்துப் பாடுவதைக் கேட்டு வாசல்படியிலேயே நின்றுவிட்டான். மூன்றாம் வாரம் அருகில் வந்து உட்கார்ந்து கொத்தமல்லி ஆய்ந்து கொடுத்தான்.

மாதம் முடியும் சமயம், ஒரு மத்தியானம் தாரிகா வந்தாள்.

அவளுக்கு ஒப்பந்தம் முடிந்து ஒன்பது நாளாகியிருந்தது. காதுக்குப் பின்னால் சிறு தழும்பு மட்டும் இருந்தது. கன்னம் வற்றியிருந்தது. உள்ளே வந்தவள் உட்காராமல் நான்கு சுவரையும் பார்த்தாள். பார்க்க அங்கே ஒன்றுமில்லை. ஒரு பாய், ஒரு அடுப்பு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

"எப்படி இருக்கே?" என்று கேட்டாள்.

"நல்லா இருக்கனுங்கக்கா. உட்காருங்க."

"தூக்கம் வருதா?"

"படுத்தா வந்துருதுங்க."

தாரிகாவின் உதட்டோரம் மெல்லக் கோணியது. கண்கள் சுருங்கி, மகிழினியின் முகத்திலேயே ஊன்றி நின்றன. தெளிந்த அந்த முகத்தை அங்குலம் அங்குலமாக அளந்தன. பின் ஒரு கறுப்பு ஓடியது.

மகிழினிக்கு அது தெரிந்தது. பதினான்கு வருடங்களாகக் காத்திருந்தது இதற்குத்தான் என்பது நன்றாக நினைவிருந்தது. நாற்பத்தெட்டாவது மாடியில் கூட இவ்வளவு அடர்த்தியாக அது கிடைத்ததில்லை. உள்ளே எங்காவது சந்தோஷம் எழுகிறதா என்று தேடிப் பார்த்தாள். பல் பிடுங்க மரக்க வைத்த வாயில் அல்வாவைப் போட்டதுபோல் இருந்தது. இருந்தது, இனிக்கவில்லை.

அக்கா இளைத்துவிட்டாள், பாவம் என்றுதான் தோன்றியது.

"உனக்கு எழுபத்தொம்பதாமே?" என்றாள் தாரிகா.

"ஆமாங்கக்கா."

"ஒன்பது நாளா எனக்குக் கண் மூடலை மகி. எதிர் வீட்டுக்காரி சிரிச்சாலே எரியுது. நேத்து ஜோயல்கிட்ட போய்க் கெஞ்சிட்டேன். கடன் இல்லாதவங்களுக்கு வெக்க முடியாதுன்னுட்டார். அறுபது காட்டினா வான்னு சொல்றார்." அவள் குரல் தாழ்ந்தது. "மூணு வருஷம் ஒப்பந்தத்துல இருந்தவன்னு எவனும் எனக்குக் கடன் தர மாட்டேங்கறான். உனக்குக் கடைசியா யாரு குடுத்தாங்க?"

மகிழினி யோசிக்கவே இல்லை. ஒரு தாளை எடுத்து, ஒண்டிப்புதூர், பவளம் நிதியகம் என்று எழுதி, எங்கே இறங்கி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று கோடு போட்டுக் காட்டினாள். "வீட்டுப் பத்திரத்தைக் கையோட கொண்டு போயிருங்கக்கா. எம்பேரச் சொல்லுங்க, நல்லா கவனிப்பாங்க."

தாரிகா தாளை வெடுக்கென்று வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு வாசலுக்குப் போனாள். அவசரத்தில் வலது செருப்பை இடது காலில் மாட்டித் தடுமாறினாள்.

"அக்கா, வெயில் கொளுத்துது. ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க" என்றாள் மகிழினி, உண்மையான பிரியத்தோடு.

தாரிகா திரும்பி அவளை ஒரு முறை முறைத்தாள். பிறகு ஏறக்குறைய ஓடினாள்.