தெற்கே சாயும் குழாய்

குழாய் மறுபடியும் தெற்கே திரும்பியிருந்தது.

சற்று முன்புதான் ஈஸ்வரமூர்த்தி அதை உச்சியில் நின்ற வியாழனுக்கு நேராக நிறுத்தி, திருகாணியைக் கை வலிக்க இறுக்கிவிட்டு, அரிக்கேன் வெளிச்சத்தில் நோட்டில் இரண்டு வரி எழுதக் குனிந்தார். நிமிர்ந்தபோது அந்த நாலடிப் பித்தளைத் தொலைநோக்கி முக்காலியின்மேல் ஓசையில்லாமல் சுற்றி, மூக்கைத் தாழ்த்தி, தென்காட்டை மோப்பம் பிடிப்பதுபோல் நின்றது. இது மூன்றாவது தடவை.

ஐம்பத்தேழாம் வருடம், சித்திரை அமாவாசை. கோபாலபுரத்தை விட்டுத் தள்ளியிருந்த அந்தத் தோட்டத்து வீட்டைச் சுற்றி இரண்டு மைலுக்கு ஒரு விளக்குக் கிடையாது. இப்படி ஓர் இருட்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வாய்க்கும் என்பதால், எதையெல்லாம் பார்ப்பது என்று மத்தியானமே பட்டியல் போட்டிருந்தார். இருட்டியதும் வடமேற்கில் இறங்கிவிடும் வால்நட்சத்திரம், அப்புறம் வியாழன், கடைசியாகச் சப்தரிஷி மண்டலத்தின் இரட்டை நட்சத்திரம். எல்லாம் வடக்கே, அல்லது தலைக்கு மேலே. தெற்கு வானத்தில் இவற்றைவிட அழகானவை உண்டென்று அவருக்குத் தெரியும். ஆனால் பங்குனியிலிருந்து அவர் தெற்கே எதையும் தேர்ந்தெடுப்பதில்லை.

பங்குனியில்தான் அவருடைய தென்காட்டு நிலத்துக் கிணற்றை ஆழப்படுத்தும்போது பக்கச்சுவர் சரிந்தது. மற்றவர்கள் ஏறிவிட்டார்கள். பெரியமுத்து மட்டும் அடியில் மாட்டிக்கொண்டான். பொழுது சாயும்வரை மண்ணுக்குள்ளிருந்து கடப்பாரையால் கல்லைத் தட்டும் சத்தம் கேட்டது. தோண்டினால் மறுசுவரும் சரியும், இன்னும் நாலு பேர் போவார்கள் என்று எல்லோரும் தயங்கி அவர் முகத்தைப் பார்த்தார்கள். "சத்தமெல்லாம் ஒண்ணுமில்ல, மூடுங்க" என்றார் அவர். மூடினார்கள். அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் இல்லை. இரவு முழுக்க வானம்தான்.

"ஏ புள்ள, கொழாயத் தொட்டியா?"

வாசலில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த மனைவி கமலாத்தாள் புரண்டாள். "நான் எதுக்குங்க அதத் தொடறேன்? நேரமாச்சு, வந்து படுங்க."

திரும்பவும் வியாழனுக்குத் திருப்பலாம். திருப்பக் கையைக் கொண்டுபோனவர், ஏனென்று தெரியாமல், அது காட்டிய இடத்திலேயே கண்ணை வைத்தார்.

முதலில் வெறும் கருப்பு. பிறகு, நட்சத்திர வெளிச்சத்தில், கிணற்றிலிருந்து அள்ளிப் போட்ட வெள்ளை மண்மேடு மங்கலாகத் தெரிந்தது. அந்தக் கண்ணாடியில் எல்லாமே தலைகீழ். மேடு வானத்திலிருந்து தொங்குவதுபோல் இருந்தது. கண்வைக்கும் சிறுகுழலை ஒரு நெல்லளவு வெளியே இழுத்ததும் மேடு தெளிந்தது. அதன் முன்னால் ஒரு கருப்புக் கறை மட்டும் தெளியவில்லை.

ஆள் உயரத்துக்கு இருந்தது.

தூரத்துப் பொருளுக்குக் குழலை உள்ளே தள்ள வேண்டும். கிட்டத்துப் பொருளுக்கு வெளியே இழுக்க வேண்டும். இழுத்தார். ஒரு விரலளவு வந்தபோது கறைக்குத் தோள்கள் முளைத்தன. அப்படியென்றால் அது மேட்டருகே இல்லை. பாதி வழியில், பனைமரங்களுக்கு இப்பால் நிற்கிறது.

தலையைத் தூக்கிப் பார்த்தார். காய்ந்த காடு. பனைகள். வேறொன்றும் இல்லை.

மறுபடி குனிந்தார். தோள்கள் கலங்கியிருந்தன. இரண்டு விரலளவு இழுத்த பிறகே தெளிந்தன. தலைமயிரில், புருவத்தில், வாயோரத்தில் அப்பிய வெள்ளை மண். கண் இருக்கவேண்டிய இடத்திலும் மண்.

சில்வண்டுகள் நின்றுவிட்டன. மூன்று மாதமாக ஒரு பொட்டு மழை காணாத அந்தக் காட்டிலிருந்து, ஆழத்துச் சேற்று வாடை, புதுக்கிணற்றின் வாடை, மெதுவாக வந்து அவர் வேட்டியில், விரல்களில், நாக்கில்கூடப் படிந்தது.

நிமிர்ந்தார். யாருமில்லை.

குனிந்தார். கலங்கல். இழுத்தார். ஒரு மார்பு. அது ஏறி இறங்கவில்லை.

"கமலா," என்றார். அவள் எழவில்லை.

ஓடிப்போய் அவளை எழுப்பி உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தியிருக்கலாம். ஆனால் கண்ணை எடுத்தால் அது எங்கே என்று தெரியாது. கண்ணை வைத்தால் தெரியும். தெரிந்தே ஆகவேண்டும்.

இழுத்தார். ஒரு கை. நகங்கள் இல்லை.

இழுத்தார். சிறுகுழல் கடைசிவரை வந்து முட்டி நின்றது. இனி வெளியே வராது.

கண்ணாடி முழுக்கக் கருப்பு. தெளியாத கருப்பு. அந்தக் குழாயால் பார்க்க முடியாத அளவுக்குக் கிட்டத்தில்.

பிறகு அது விலகியது. இடது பக்கமாக.

வீடு இருக்கும் பக்கமாக.

அந்தப் பக்கம் கயிற்றுக் கட்டில் கிறீச்சிட்டது. சொம்பு தரையில் உரசியது.

"ஏனுங்க," என்றாள் கமலாத்தாள், தூக்கம் கலையாத சாதாரணக் குரலில். "பெரியமுத்துக்குத் தண்ணி தவிக்குதாமுங்க. ஒரு மாசமாச்சுங்கறான்."

அவர் திரும்பினார்.

கமலாத்தாள் கட்டிலருகே நின்றுகொண்டிருந்தாள். கண்கள் மூடியிருந்தன. வேலைக்காரர்களுக்கு ஊற்றுவதுபோல் சொம்பை உயர்த்திப் பிடித்துச் சாய்த்திருந்தாள். தண்ணீர் நூலாக இறங்கியது. அவள் இடுப்புயரத்தில் அது நின்றுபோனது.

தரையில் ஒரு சொட்டும் விழவில்லை. மடக், மடக்கென்று விழுங்கும் சத்தம் மட்டும் நிற்காமல் கேட்டுக்கொண்டே இருந்தது.