காயாத சுவர்

ராத்திரி முழுக்க ஓடிய மெஷினின் தொட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை.

பஞ்சு தொட்டியை வெளியே இழுத்தார், கையுறை போட்ட விரலால் உள்ளே தடவிப் பார்த்தார், மறுபடி தள்ளி வைத்தார். அறைக் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சித் தொட்டியில் சேர்ப்பதுதான் அந்த மெஷினின் வேலை. நேற்று அவர் கிளம்பும்போது தொட்டி விளிம்புவரை தளும்பியது. அதைக் காலி செய்து வைத்துவிட்டுத்தான் போனார். இன்றைக்கு வறண்டு கிடக்கிறதென்றால் அறை காய்ந்துவிட்டது என்று அர்த்தம். நல்ல சேதிதான். ஆனால் அத்தனை தண்ணீர் கக்கிய அறை ஒரே ராத்திரியில் இப்படிச் சட்டென்று நிறுத்திக்கொள்வதை இத்தனை வருஷத்தில் அவர் பார்த்ததே இல்லை.

"காஞ்சா சந்தோஷப்படுவியா, அதை விட்டுட்டு மோவாயில கை வச்சு நிக்கிறியே," என்று முகமூடிக்குள்ளேயே தன்னைக் கடிந்துகொண்டார்.

தனியாகப் பேசுவது மனைவி போன பிறகு ஒட்டிக்கொண்ட பழக்கம். வீட்டில் பேச ஆளில்லை. அதனால் மின்விசிறியிடம் பேசுவார், சொட்டும் குழாயை அதட்டுவார். வேலைக்குப் போன இடத்தில் சுவர்களிடம் பேசுவார். சாக்கடை கலந்த வெள்ளம் புகுந்து நின்ற வீடுகளை அள்ளிக் கழுவிக் காயவைத்துத் தருவது அவர் தொழில். எந்த இடுக்கில் ஈரம் ஒளிந்திருந்தாலும் தேடிப் பிடித்துவிடுவார் என்பதால் கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர்தான் பஞ்சு. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட இப்போது யாருமில்லை.

இந்த வீட்டில் தண்ணீர் இடுப்பளவு நின்றது. வடிந்த பிறகு ஊறிப்போன மெத்தை, அலமாரி எல்லாவற்றையும் வெளியே எறிந்து, உப்பிய பூச்சைச் சுரண்டி, கிருமி மருந்து போட்டுத் தேய்த்து, ஒவ்வோர் அறையாகக் காயவைத்தார்கள். மற்ற அறைகள் சொன்ன பேச்சைக் கேட்டன. இந்தப் பின்னறை மட்டும் அடம் பிடித்தது. ஜன்னல்களைக் கறுப்புப் பிளாஸ்டிக்கால் அடைத்து, வாசலில் ஜிப் வைத்த பிளாஸ்டிக் திரை கட்டி, உள்ளே ஒரு மஞ்சள் விளக்கை நிறுத்தியிருந்தார்கள். வெளியே வெயில் காய்ந்தாலும் உள்ளே ஒரே மாதிரி அரை இருட்டு, மருந்து நெடி, அதற்கடியில் எத்தனை தேய்த்தாலும் போகாத சேற்று வாடை.

இந்த வேலைக்கு எப்போதும் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே. கூட்டாளி சுருட்டைக்குக் காய்ச்சல். கடைசி நாள்தானே, சமாளித்துக்கொள்ளலாம் என்று பஞ்சு தனியாகவே வந்துவிட்டார். வேறு நாளாக இருந்தால் தள்ளிப் போட்டிருப்பார். இன்றைக்கு முடியாது. இன்றைக்கு மகள் வருகிறாள்.

காலையில்தான் போன் பண்ணினாள். "அந்தப் பக்கமாத்தான்ப்பா வரேன். வேலை முடிஞ்சதும் உங்களைக் கூட்டிட்டு வீட்டுக்குப் போறேன். ரெண்டு நாள் இருப்பேன்."

அம்மாவின் காரியம் முடிந்து போனவள் அதற்குப் பிறகு வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. வேலை, தூரம், அப்புறம் பேசுகிறேன் அப்பா, அவ்வளவுதான்.

"வா பாப்பா, தாராளமா வா. ஆனா வாசல்லயே நில்லு. இது சாக்கடைத் தண்ணி நின்ன இடம். முகமூடி இல்லாம உள்ள காலெடுத்து வைக்கக் கூடாது."

"ஐயோ அப்பா, நான் என்ன சின்னப் பிள்ளையா? நீங்க கூப்பிட்டாத்தான் உள்ள வருவேன். போதுமா?"

"போதும்டா. நான் கூப்பிடவே மாட்டேன்."

அந்தச் சந்தோஷத்தோடுதான் உடம்பு முழுக்க மூடும் அங்கியை மாட்டினார். கையுறை போடுவதற்கு முன் வழக்கப்படி ஈரம் பார்க்கும் மீட்டரின் இரண்டு ஊசிமுனைகளையும் வெறும் உள்ளங்கையில் வைத்தார். மனித உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர்தானே. சதையில் பட்டதும் மீட்டர் வீலென்று கத்தும். கத்தினால் மீட்டர் சரியாக இருக்கிறது. கத்தியது.

"இருக்கேன், இருக்கேன், கத்தாதே," என்றார் பஞ்சு. தினமும் சொல்வதுதான்.

உள்ளே நான்கு சுவர்களிலும் மீட்டரை வைத்துப் பார்த்தார். சத்தமே இல்லை. சுக்காகக் காய்ந்திருந்தது. இனிக் கடைசியாக ஒரு முறை மருந்து போட்டுத் துடைத்துவிட்டால் மெஷினைக் கட்டிக்கொண்டு போகலாம். துடைத்துக்கொண்டே பேச ஆரம்பித்தார். மகள் வருவதை யாரிடமாவது சொல்லியாக வேண்டுமே.

"என் பொண்ணு வரா இன்னிக்கு. பாப்பான்னுதான் கூப்பிடுவேன். இவ்ளோ பெரிய ஆளாயிட்டா, இன்னும் பாப்பாதான். சின்ன வயசுல மழையில நனைஞ்சுட்டு வந்தா தலையை நான்தான் துவட்டணும், அவ அம்மா துவட்டினா வலிக்குதும்பா, கழுதை." சிரித்தார். எதிர்ச் சுவர் கேட்டுக்கொண்டிருப்பது போலவே இருந்தது. "நான் கூப்பிட்டாத்தான் உள்ள வருவாளாம். பெரிய மனுஷி."

மெஷின் கிர்ரென்று ஒரு முறை இழுத்து நின்றது. சிவப்பு விளக்கு எரிந்தது.

தொட்டி நிரம்பியிருந்தது.

பஞ்சு அதையே பார்த்துக்கொண்டு நின்றார். காய்ந்த அறையில் இத்தனை தண்ணீர் எங்கிருந்து வந்தது? மீட்டரை எடுத்துக்கொண்டு மறுபடி சுவர்களைச் சுற்றினார். எதிர்ச் சுவரில், தரையையொட்டி, மீட்டர் கத்தியது. தட்டளவு ஈரம். சற்று முன்பு அங்கே இல்லை. வைத்துப் பார்த்த இடம்தான் அது. பென்சிலை எடுத்து ஈரத்தின் விளிம்பைச் சுற்றிக் கோடு போட்டார். கோடு போட்டுவிட்டால் அது வளர்கிறதா, சுருங்குகிறதா என்று தெரிந்துவிடும்.

அப்போதுதான் தாகம் தெரிந்தது. சாதாரணத் தாகம் இல்லை, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் தாகம். உள்ளே நின்றுகொண்டு எதையும் வாயில் வைக்கக் கூடாது. வெளியே போய் அங்கியைக் கழற்றி, கை முகம் கழுவி, கொண்டுவந்த பாட்டிலை அப்படியே தொண்டைக்குள் கவிழ்த்தார். பாட்டில் காலி. தாகம் அப்படியே இருந்தது.

முதலாளிக்குப் போன் போட்டார். முதலாளி சின்னப் பையன்தான், ஆனால் மரியாதை தெரிந்தவன்.

"பின்பக்கத்து ரூம்ல ஒரு சுவர் இன்னும் கத்துதுய்யா. காலையில காஞ்சிருந்துச்சு."

"மீட்டர் காதுல பூ சுத்துதாண்ணே?" அவன் சிரித்தான். "உள்ள எங்கயாவது தேங்கியிருக்கும். ரெண்டாவது மெஷினையும் போட்டு விடுங்க, உறிஞ்சி எடுத்துரும்."

"இந்த ரூம்ல யாருய்யா இருந்தாங்க?"

"யாரோ ஒரு பெரியவராம், தனியா. தண்ணி வந்தப்ப வெளிய வந்தாரா இல்லையான்னே ஒருத்தருக்கும் தெரியலையாம். தேடி வர ஆளும் இல்லபோல. ஏண்ணே?"

"ஒண்ணுமில்ல."

அந்த அறையிலிருந்து அள்ளிப் போட்டதெல்லாம் நினைவுக்கு வந்தது. ஒரே ஒரு தட்டு, ஒரே ஒரு தம்ளர், சுவரைப் பார்த்துப் போட்ட ஒரு நாற்காலி. நம்ம வீடும் இப்படித்தானே இருக்கிறது என்று அன்றைக்கு ஒரு கணம் பஞ்சு நினைத்தார். அப்புறம் மூட்டையாகக் கட்டிக் குப்பையில் போட்டார். வேறு என்ன செய்வது, சாக்கடையில் ஊறிய சாமானை யார் வைத்துக்கொள்வார்கள்?

புது அங்கி போட்டுக்கொண்டு, நிரம்பிய தொட்டியைக் காலி செய்துவிட்டு, இரண்டாவது மெஷினையும் உருட்டிக்கொண்டு போய் ஓடவிட்டார். ஈரத்தை ஜெயித்துவிட்டுத்தான் கிளம்புவது என்ற வீம்பு வந்துவிட்டது. இரண்டு மெஷின்களும் சேர்ந்து உறுமின. ஜிப்பை இழுத்து மூடினார். சுவருக்கு எதிரே, முதுகைச் சாய்த்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். பென்சில் கோட்டைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தார்.

ஈரம் கோட்டைத் தாண்டியது.

அவசரமில்லாமல், பொறுமையாக, அது மேலே ஏறியது. தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பஞ்சுவின் உதடு வெடித்தது. இமைகளை மூடித் திறக்கும்போது கரகரவென்று உறுத்தின. காலையில் இறுக்கமாக இருந்த கையுறை விரல்களில் தொளதொளவென்று ஆடியது. வயசாச்சு, வெக்கை, காலையில் சரியாகச் சாப்பிடவில்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

இரண்டு சிவப்பு விளக்கும் எரிந்தன. எழுந்து போய்த் தொட்டிகளை வெளியே கொட்டிவிட்டு வந்தார். கால் பின்னியது. திரும்பி வந்து பார்த்தபோது சுவரில் ஈரத்துக்கு ஓர் உருவம் வந்திருந்தது. கீழே அகலம். மேலே குறுகல். அதற்கும் மேலே உருண்டையாக ஒன்று. முதுகைச் சாய்த்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, யாரோ உட்கார்ந்திருப்பது போல.

யாரோ என்ன, யாரோ. அவர் உட்கார்ந்திருந்த மாதிரியேதான்.

மீட்டரை வைத்தார். வீலென்று கத்தியது. ஊறிய செங்கல் கத்தும் சத்தம் அவருக்குத் தெரியும், அது வேறு. இது தினமும் காலையில் கேட்கிற சத்தம். உள்ளங்கையின் சத்தம்.

கையால் தொட்டுப் பார்த்தார். கையுறையையும் தாண்டிச் சுவர் சுட்டது. காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி வெதுவெதுப்பு.

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அந்தப் பயத்தில்தான் கணக்கு சரியாக விழுந்தது. ராத்திரி முழுக்க மெஷின் ஓடியது. தொட்டியில் ஒரு சொட்டு இல்லை. ராத்திரி இந்த அறையில் யாரும் இல்லை. அவர் வந்த பிறகு நிரம்பியது. பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்த பிறகு மறுபடி நிரம்பியது.

சுவரில் தேங்கிய தண்ணீர் இல்லை அது.

தவழ்ந்து போய் இரண்டு பிளக்கையும் பிடுங்கினார். உறுமல் நின்றது. அறை அமைதியானது.

சொட்டு. சொட்டு. சொட்டு.

தொட்டியில் தண்ணீர் விழுந்துகொண்டேயிருந்தது.

திரையை நோக்கி நகர்ந்தார். உடம்பில் கனமே இல்லை, ஆனாலும் தூக்க முடியவில்லை. ஜிப்பைப் பிடித்தார். விரல் வழுக்கியது. பிடித்தார். கையுறை கழன்று ஜிப்பிலேயே மாட்டிக்கொண்டது. உள்ளே இருந்தது அவர் கைதான்; மோதிரம் கணுவைத் தாண்டி நழுவித் தரையில் உருண்டது. தோல் பழைய காகிதமாகச் சுருங்கி எலும்பில் ஒட்டியிருந்தது. அழுகை வந்தது. கண்ணீர் வரவில்லை.

மீட்டர் பக்கத்திலேயே கிடந்தது. அதை எடுக்காமல் இருந்திருக்கலாம். எடுத்தார். இரண்டு ஊசிகளையும் உள்ளங்கையில் வைத்தார்.

சத்தம் இல்லை.

அழுத்தினார். ஊசி உள்ளே இறங்கியது. வலிக்கவில்லை. மீட்டர் கத்தவில்லை.

"இருக்கேன்," என்று சொல்லப் பார்த்தார். மூச்சுதான் வந்தது.

பின்னால், சுவர்ப் பக்கம், ஈரக்கால் ஒன்று தரையில் பதியும் சத்தம்.

"அப்பா!"

வாசலில் மகள். பஞ்சுவின் உயிர் ஒரு கணம் திரும்பி வந்தது; மறுகணமே பதறியது. வராதே பாப்பா. போயிடு. ஆனால் நாக்கு அசையவில்லை. பரவாயில்லை என்று மனசைத் தேற்றிக்கொண்டார். அவள் சொன்ன சொல் தவறமாட்டாள். கூப்பிட்டால்தான் வருவாள். நாம் கூப்பிடப் போவதில்லை. கூப்பிடவும் முடியாது. காத்திருந்து பார்ப்பாள், சுருட்டைக்குப் போன் போடுவாள், யாராவது முகமூடி போட்டுக்கொண்டு வருவார்கள். பாப்பாவுக்கு ஒன்றும் ஆகாது.

"அப்பா, வேலை முடிஞ்சுதா? வெளியிலயே நிக்கிறேன்."

"முடிஞ்சுது பாப்பா," என்றது சுவர்ப் பக்கமிருந்து ஒரு குரல். அவருடைய குரல். வாய் நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு பேசுவது போலக் குழைந்த குரல். "வா, உள்ள வா. தலையைத் துவட்டி விடறேன்."

வெளியே சின்னதாக ஒரு சிரிப்பு. "இதையெல்லாம் இன்னும் ஞாபகம் வச்சிருக்கீங்களா?"

செருப்புச் சத்தம் நெருங்கியது. திரைக்கு அந்தப் பக்கம் நிழல் விழுந்தது. பஞ்சு தன்னிடம் மிச்சமிருந்த அத்தனையையும் திரட்டிக் கையை நீட்டினார். உலர்ந்த விரல்கள் பிளாஸ்டிக்கை உரசின. காய்ந்த இலை உரசுவது போல ஒரு சத்தம். அவளுக்கு அது கேட்கவில்லை.

ஜிப் மேலிருந்து கீழே இறங்கியது.

மகள் உள்ளே வந்தாள். முகமூடி இல்லை. தரையில் சுருண்டு கிடந்த அங்கியை, யாரோ கழற்றிப் போட்ட உடுப்பென்று நினைத்து ஒதுங்கித் தாண்டினாள். அவள் பாவாடை விளிம்பு அவர் முகத்தைத் தடவிக்கொண்டு போனது. இத்தனை நாள் கழித்து அவர் பார்த்த மகளின் முகம், அவரைப் பார்க்கவில்லை. சுவர்ப் பக்கம் நிமிர்ந்து, பாசமாக, கொஞ்சம் கவலையாகச் சிரித்தது.

"என்னப்பா இது," என்றாள் கையை நீட்டிக்கொண்டே, "இப்படித் தொப்பலா நனைஞ்சு போய் நிக்கிறீங்க?"